ஓசிச் சூடு

எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுக்க ஒரே அறையில்தான் குடித்தனம். மற்ற இரண்டு அறைகளையும் மூடி, கதவிடுக்கில் பழைய துணியைத் திரித்துச் செருகிவிட்டோம். முன்னறையில் ஒரு ஊசியை எடுக்க வேண்டுமென்றாலும் வெளியூர் போகிற மாதிரி தொப்பி, சால்வை எல்லாம் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். சமையல், சாப்பாடு, படுக்கை, சண்டை எல்லாம் இந்த ஒரே அறைக்குள். சண்டை போட மட்டும் இடம் பத்தவில்லை என்று நான் சொன்னால் அவர் சிரிப்பார். சிரித்தால் இருமல் வந்துவிடும். அதனால் அவரைச் சிரிக்க வைப்பதையும் குறைத்துக்கொண்டேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். மரப்பட்டறையில் தச்சு வேலை. இருபத்திரண்டு வருடம் மரத்தூளைச் சுவாசித்த நெஞ்சு, இந்தத் தடவை குளிர் ஆரம்பித்த முதல் வாரத்திலேயே படுத்துவிட்டது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"அவர் படுக்கற ரூம் ஆறவே கூடாதும்மா. குளிர் விடற வரைக்கும் ஜாக்கிரதையா இருக்கணும். இன்னொரு தடவை நெஞ்சுல கட்டிக்கிச்சுன்னா, இந்த மாதிரி நடந்து வீட்டுக்குப் போவார்னு என்னால சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். ஆறக்கூடாது என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஆறாமல் பார்த்துக்கொள்கிறவளுக்குத்தான் பொழுது விடிந்தால் பொழுது போனால் அதே வேலை.

எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் செய்தேன். ஜன்னல் கண்ணாடியில், பொட்டுப் பொட்டாகக் காற்று அடைத்திருக்குமே, அந்த பிளாஸ்டிக் தாளை ஒட்டினேன். மெத்தைக்கு அடியில் இரண்டு விரல் கனத்துக்குப் பழைய செய்தித்தாள். கிழிந்த கம்பளிகளை இணைத்துத் தைத்து வாசல் கதவுக்குத் திரை. ஒரு செங்கல்லை அடுப்பின் மேல் வைத்துச் சுட்டு, துண்டில் சுற்றி அவர் கால்மாட்டில் வைப்பேன்; பாதி ராத்திரி வரை சூடு தாங்கும். அவர் படுப்பதற்கு முன்னால் படுக்கை விரிப்பை விரித்தபடியே ஒரு தடவை இஸ்திரி போட்டுவிடுவேன். "படுக்கைக்கு இஸ்திரி போட்டுப் படுக்கற ராஜா இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான்" என்பார். குளியல் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதையும் ராஜாவுக்கு நான்தான் செய்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் உயிரே அந்த இரும்பு அடுப்புதான். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரை ஒட்டி நிற்கிறது. விறகு பட்டறையிலிருந்து வரும். அறுத்து மிஞ்சிய மரத்துண்டுகளை வாரத்துக்கு ஒரு மூட்டை முதலாளி கொடுத்தனுப்புவார். ஆள் வேலைக்கு வராவிட்டாலும் கொடுத்தார், நல்ல மனுஷர். ஆனால் இந்தக் குளிரில் பட்டறைக்கு வந்த வேலையெல்லாம் பிளைவுட் வேலை. பிளைவுட்டை எரித்தால் பசை உருகி அறையெல்லாம் நாறும், அந்தப் புகை அவருக்கு விஷம். மூட்டையைக் கொட்டிப் பொறுக்கினால் பாதிக்கு மேல் பிளைவுட். நல்ல மரம் மூன்று நாளுக்குக்கூடக் காணாது. குளிர் விடுவதற்கோ இன்னும் ஏழு வாரம் இருந்தது. விறகு விலை கொடுத்து வாங்குகிற கதையை நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை.

இந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார்.

தனியாக இருக்கிற மனிதர். பஸ் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் வைத்த பேர் கோடைக்காரர். ஊரே போர்த்திக்கொண்டு குனிந்து நடக்கிற குளிரில் இவர் மட்டும் முழுக்கைச் சட்டையோடு நிமிர்ந்து கடைக்குப் போய் வருவார். கோட்டும் இல்லை, மஃப்ளரும் இல்லை. கடைக்காரர் கேட்டால், "எனக்குக் குளிரெல்லாம் தெரியாதுப்பா" என்பாராம். வீட்டுக்குள் நாள் முழுக்கச் சூட்டில் கிடந்தால் யாருக்குத்தான் குளிர் தெரியும் என்று நான் வயிறெரிவேன்.

வயிறெரிய எனக்குக் காரணம் இருந்தது. எங்கள் அடுப்பு ஒன்பது மணிக்கெல்லாம் அணைந்துவிடும். ஆனால் விடிகாலை ஐந்து மணிக்கு நான் எழுந்து சுவரில் கை வைத்தால் வெதுவெதுவென்றிருக்கும். எங்கள் அடுப்பு சாம்பலாகக் கிடக்கிறது, சுவர் சூடாக இருக்கிறது. அப்படியானால் சூடு எங்கிருந்து வருகிறது? அந்தப் பக்கத்திலிருந்துதான். சுவரில் காதை வைத்தால் உர்ர் என்று விடாமல் ஒரு சத்தமும் கேட்கும். எண்ணெயில் எரிகிற ஹீட்டர் ஓடுகிறது, ராத்திரி பகல் பார்க்காமல் ஓட்டுகிறார் என்று முடிவு கட்டினேன். இரண்டு வீட்டுக்கும் கூரை மேல் புகைபோக்கி ஒன்றுதான். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் அதிலிருந்து புகை போவதைப் பார்ப்பேன். இதில் பாதி அவர் புகை, கொடுத்து வைத்தவர் என்று நினைத்துக்கொள்வேன்.

கேட்டுத் தெரிந்துகொள்ளப் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் பின்பக்கம் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். கோடைக்காரர் வந்து வாசலில் நின்று, ஞாயிற்றுக்கிழமையாவது காதுக்கு லீவு கொடுக்கக் கூடாதா என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். அவரும் சொன்னார். வார்த்தை தடித்துப் போய், "நீங்க செத்துக் கிடந்தாலும் உங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று நான் கத்தினேன். "மிதிக்கவே வேணாம், அறுக்காம இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த அமைதியான பதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கத்தியிருந்தால் மறந்திருப்பேன்.

நான் வேலை செய்வது ஒரு சலவைக்கூடத்தில். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் மலை மாதிரி வந்து குவியும். ஆள் உயரத்துக்குப் பெரிய உருளை இஸ்திரி இருக்கிறது. இந்தப் பக்கம் நான் ஈர விரிப்பைக் கொடுக்க, அந்தப் பக்கம் வெளியே வருவதை அக்கா மடிப்பாள். அவள் எனக்குச் சொந்த அக்கா இல்லை, பதினோரு வருடம் எதிரெதிரே நின்றதில் அக்காவாகிவிட்டவள். எட்டு மணி நேரம் வேர்த்து ஊற்றும். அப்புறம் அந்த வேர்வையோடு குளிரில் வீட்டுக்கு நடை. வேலை செய்கிற இடத்தில் வேகிறேன், வாழ்கிற இடத்தில் விறைக்கிறேன். தலைவிதியை யாரோ தலைகீழாக மாட்டிவிட்டார்கள்.

மூட்டையில் பிளைவுட்தான் வருகிறது என்று அவளிடம் ஒருநாள் புலம்பினேன். சுவர் கதையையும் சொன்னேன்.

"சுவரு சூடா இருக்குன்னு நீதான சொல்ற. அப்புறம் எதுக்குடி விறகப் போட்டு எரிக்கற?" என்றாள் அக்கா.

"எரிக்காம?"

"அந்தாளு எப்படியும் ஓட்டிக்கிட்டுதான் இருப்பாரு. கட்டில இன்னும் கொஞ்சம் சுவரோட ஒட்டிப் போடு. சமைக்கறதுக்கு மட்டும் அடுப்பு மூட்டு. விறகு மிச்சம். ஓசியில வர்ற சூட்ட ஏன் வேணாங்கற?"

மணி ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மேற்பார்வையாளர் வந்து வழக்கம்போல உருளையின் சுவிட்சை அணைத்தார். எங்கள் கூடத்தில் அப்படித்தான். கடைசி இருபது விரிப்புகளை அணைத்த உருளையின் மிச்சச் சூட்டிலேயே போட்டுவிடுவோம். நான் அந்த இருபது விரிப்பையும் போட்டுக்கொண்டே அக்கா சொன்னதை யோசித்தேன். அவள் சொன்னது சரியென்றே பட்டது. கோடைக்காரர் மேல் இருந்த கோபத்துக்கு அது கொஞ்சம் இதமாகவும் இருந்தது. அவர் காசில் நாங்கள் குளிர்காய்வது, அதுவும் அவருக்கே தெரியாமல் என்று நினைத்தபோது, மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தச் சண்டையில் நான் ஜெயித்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கட்டிலை நகர்த்த ஒரு கை கொடுத்தார். அதற்கே மூச்சு வாங்கியது.

"சுவரு நிஜமாவே அவராலதான் சூடா இருக்கா?" என்று கேட்டார்.

"பின்ன? நம்ம அடுப்பு ஒம்பது மணிக்கே அணைஞ்சிடுது. நீங்கதான் கட்டட வேலைக்கெல்லாம் போறீங்க. சொல்லுங்க, எப்படி இருக்கும்?"

"மரம்னா சொல்லுவேன். செங்கல்லப் பத்தி கொத்தனாரத்தான் கேக்கணும்."

"கொத்தனார் வந்து நமக்கு விறகு தருவாரா?"

என்னோடு வாதாடுகிற தெம்பு அவருக்கு இந்த வருடம் இல்லை.

புதன்கிழமையிலிருந்து ஆரம்பித்தோம். காலையில் டீ போட ஒரு கைப்பிடி சுள்ளி. மாலையில் சமைக்க அரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் அடுப்பு சும்மா. அவர் மூன்று போர்வைக்குள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அன்று ராத்திரி சுவர் நன்றாகவே இருந்தது. பார்த்தீர்களா என்றேன்.

வியாழக்கிழமை காலையில் சுவர் லேசாகத்தான் வெதுவெதுத்தது. மாலையில் திரும்பியபோது அதுவும் இல்லை. இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்தேன், கன்னத்தை வைத்துப் பார்த்தேன். உர்ர் சத்தம் மட்டும் எப்போதும்போலக் கேட்டது.

"கஞ்சப் பய" என்றேன். "குறைச்சு வெச்சுட்டாரு."

"யாரு?"

"உங்க கோடைக்காரர்தான். நம்ம அடுப்பு எரியலன்னு எப்படியோ தெரிஞ்சுக்கிட்டாரு போல. இவங்களுக்கு நாம ஏன் சூடு கொடுக்கணும்னு குறைச்சிருப்பாரு. அந்த மனசுக்காரர்தான் அவரு."

"ஒருவேளை அவருக்கும் காசு முடையா இருக்கும். போய்க் கேளேன்."

"நானா? செத்தாலும் அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னவ நான்."

"அது மூணு வருஷத்துக்கு முன்னால."

"வாக்குக்கு வருஷக்கணக்கு எல்லாம் கிடையாது."

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கடையில் ரொட்டி வாங்கினேன். கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "உங்க பக்கத்து வீட்டு சார ரெண்டு நாளா காணமே. உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.

அந்தப் பதிலை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஆனால் அப்போது நான் களைத்துப் போயிருந்தேன். கால் வலி, கையில் இஸ்திரிச் சூடு பட்ட கொப்புளம், வீட்டில் இருமுகிற புருஷன், ஆறிப்போன சுவர். ஊராரின் உடம்பைப் பற்றி யோசிக்க என்னிடம் மிச்சம் எதுவும் இல்லை. அன்று ராத்திரி அவருக்கு இருமல் கூடியது. சேர்த்து வைத்திருந்த விறகைத் தொடாமல், சமைத்த தணலிலேயே இன்னொரு செங்கல்லைச் சுட்டு முதுகுக்குக் கொடுத்தேன். நாளையும் சுவர் இப்படியே இருந்தால் பழையபடி அடுப்பை மூட்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு படுத்தேன். ஏழு வாரத்துக்கு என்ன செய்வது என்பதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்கு விட்டார்கள். அந்த வாரத்தில் அன்றுதான் நான் எங்கள் தெருவை வெளிச்சத்தில் பார்த்தேன்; மற்ற நாளெல்லாம் இருட்டில் போய் இருட்டில் வருகிறவள். தெருமுனையில் திரும்பியதும் பழக்கத்தில் கூரையைப் பார்த்தேன். வரிசையாக எல்லா வீட்டுப் புகைபோக்கியிலிருந்தும் புகை போய்க்கொண்டிருந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக நிற்கிற புகைபோக்கியில் மட்டும் புகை இல்லை. எங்கள் அடுப்பு எரியவில்லை, சரி. அவர் ஹீட்டர்?

நடு ரோட்டில் நின்றுவிட்டேன்.

இத்தனை நாளும் போன புகை எல்லாமே எங்கள் புகைதான். பாதி அவருடையது என்று நானாகப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறேன். சுவர் சூடும் அப்படித்தான். பகல் முழுக்க எங்கள் அடுப்பைத் தின்ற சுவர், ராத்திரி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்கிறது. அணைத்த உருளையில் இருபது விரிப்பு போடுகிறவளுக்கு இது தெரியவில்லை. ஒரு செங்கல் பாதி ராத்திரி வரை சூடு தாங்கும் என்று அறிந்தவளுக்கு ஒரு சுவர் செங்கல் விடியும்வரை தாங்கும் என்று தோன்றவில்லை. அவர் வசதியாக இருக்கிறார் என்று நம்பினால்தான் என் கோபத்தை வளர்க்க முடியும், அதனால் நம்பினேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

அப்படியானால் அந்தப் பக்கம்? அந்தப் பக்கத்துக்கும் சூடு கொடுத்தது எங்கள் அடுப்புதானே. புதன்கிழமையிலிருந்து அதை நிறுத்தியிருக்கிறேன்.

ஓடினேன். அவர் கதவைத் தட்டினேன். "சார், சார்" என்று கத்தினேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. என் வீட்டுக்குள் போய், "என்னங்க, உளிய எடுங்க" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே போர்வையைச் சுற்றிக்கொண்டு, கட்டிலடியில் இருந்த பெட்டியைத் திறந்து உளியும் சுத்தியலும் எடுத்தார்.

"நீங்க வெளிய வரக் கூடாதுங்க. எப்படின்னு சொல்லுங்க, நான் பண்றேன்."

"நீ பண்ணினா கதவும் போகும், உன் விரலும் போகும். நகரு."

அந்தக் குளிரில், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, நிலைச்சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் உளியைக் கொடுத்து நாலு தட்டு. தாழ் தெறித்து விழுந்தது. மூன்று மாதமாக ஒரு ஆணிகூட அடிக்காத கை அது. அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாக வீட்டுக்குள் அனுப்பி அடுப்பை மூட்டச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.

உள்ளே வெளியைவிடக் குளிர். ஒரு மேஜை, ஒரு நாற்காலி. சுவரோரம் ஒரு பழைய ஃபிரிட்ஜ் உர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் என் ஹீட்டர். அந்த வீட்டில் ஃபிரிட்ஜுக்குள்தான் கொஞ்சம் கதகதப்பு இருந்திருக்கும். அடுப்பு இருந்த இடத்தில் அடுப்பு இல்லை. குழாய் போன ஓட்டையில் துணி அடைத்திருந்தது. சரியாக எங்கள் அடுப்புக்கு நேர் பின்னால், பொதுச் சுவரை ஒட்டிக் கட்டில் போட்டு, சுவரைக் கட்டிப் பிடித்தபடி அவர் படுத்திருந்தார். சட்டைக்கு மேல் சட்டையாக ஐந்தாறு. கோட்டு மெத்தையின் மேல் விரித்துக் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் படுக்கை ஆறிவிடும் என்றுதான் சட்டையோடு போய் வந்திருக்கிறார். எனக்கு அது பார்த்ததுமே புரிந்தது. இந்த மாதிரிக் கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படி.

உதடு நீலம் பாரித்திருந்தது. கையைத் தொட்டால் ஈர விரிப்பைத் தொட்ட மாதிரி. ஆனால் கண் திறந்தது.

"சார், நான் பக்கத்து வீடு."

என்னை அடையாளம் கண்டுகொள்ள அவருக்கு நேரம் பிடித்தது.

"அவரு எப்பம்மா போனாரு?" என்றார்.

"யாரு சார்?"

"உங்க வீட்டுக்காரர். வியாழக்கிழம சுவரு ஆறிடுச்சு. அவருக்கு முடியலன்னு கடையில சொன்னாங்க. காதக் கட்டிக்கிட்டுப் படுத்திருந்ததுல சத்தமும் கேக்கல. அடுப்பு எரியலன்னா... அவரு போயிட்டாரு, நீங்க வீட்டப் பூட்டிட்டுச் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டீங்கன்னு நினைச்சேன். வந்து ஒரு வார்த்த கேக்கலாம்னா..." மூச்சு நின்று மறுபடி வந்தது. "கோவமா இருக்கீங்களே. துக்க வீட்டுல போய் உங்க கோவத்த எதுக்கு இன்னும் கிளறணும்னு விட்டுட்டேன்."

"அவரு நல்லா இருக்காரு சார். உங்க கதவ உடைச்சதே அவருதான்."

"அப்படியா" என்றார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "இப்பவும் சத்தம் போட்டுத்தான் வேலை செய்யறாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே என் ஸ்வெட்டரைக் கழற்றி அவர் காலில் சுற்றினேன். கடைக்காரரைக் கூப்பிட்டு ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொன்னேன். அது வரும்வரை அவர் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் தூங்கிவிடக் கூடாது என்று பயம். ஏதாவது பேசச் சொன்னேன்.

"எங்க அடுப்பு துருப்பிடிச்சு ஓட்டையாயிடுச்சு. ரெண்டு வருஷமாச்சு. மாத்த முடியல" என்றார். "உங்க சுவரு சூடா இருந்துச்சு. கட்டில இங்க தள்ளிப் போட்டேன். சர்வீஸ்ல இருந்தப்போ டிக்கெட் இல்லாம ஏறினவன் ஒருத்தனையும் விட்டதில்ல நான். இப்ப நானே ரெண்டு குளிர்காலம் டிக்கெட் இல்லாம வந்துட்டேன்."

"நானும்தான் சார். உங்க ஓசியில காயறதா நினைச்சுத்தான் அடுப்ப அணைச்சேன்."

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்திருக்கும். சிரிக்கிற மாதிரி உதடு கோணியது.

"வாசப்படிய மிதிச்சுட்டீங்களே" என்றார்.

"வாய மூடுங்க சார்" என்றேன், பேசச் சொன்னதே நான் என்பதை மறந்து.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் என் நம்பரை எழுதிக்கொண்டார்கள். என்ன உறவு என்று கேட்டார்கள். பக்கத்து வீடு என்றேன். அவருக்கு வேறு யாரும் இல்லையா என்று கேட்டார்கள். மூன்று வருடமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருப்பவளுக்கு அதுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதன் முன்னால் உட்கார்ந்து, அடைத்த மூச்சோடு இருமிக்கொண்டிருந்தார். குளிரில் நின்றதன் பலன். அந்த வாரம் முழுக்க நான் பயந்துகொண்டே இருந்தேன். காய்ச்சல் வருகிறதா என்று மணிக்கொரு தரம் நெற்றியில் கை வைத்தேன். வரவில்லை. கதவை உடைத்த அந்த ஐந்து நிமிடம் நெஞ்சுக்குள் இறங்காமல் தப்பித்தது. இருமல் மட்டும் போகவில்லை. பொறுக்கிச் சேர்த்த நல்ல விறகெல்லாம் போய்விட்டது. பட்டறைக்கு நானே போய் முதலாளியிடம் நின்றேன். ஒரு மூட்டை பொறுக்கிக் கொடுத்தார். "இதுக்கு மேல நல்ல மரம் என்கிட்டயே இல்லம்மா" என்றார். மனுஷர் பொய் சொல்கிற ஆளில்லை. அந்த மூட்டையிலும் பாதி தீர்ந்துவிட்டது; மிச்சத்தை ராத்திரிக்கு மட்டும்தான் எரித்தோம்.

அடுத்த திங்கட்கிழமை, வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தேறிவிட்டார், நாளைக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்கிறார் என்றாள். நல்லது என்றேன்.

"ஒரு விஷயம் கேக்கணும். வீட்ல சூடு இல்லன்னா நாங்க அனுப்ப முடியாது. முதியோர் இல்லம்தான் பாக்கணும், அதுவும் வேற ஊர்லதான் காலியா இருக்கு. அவர கேட்டா, வீட்ல கணப்பு இருக்குன்னு சொல்றாரு. எங்க இருக்குன்னா, சுவத்துல இருக்குங்கறாரு. எங்களுக்கு ஒண்ணும் புரியல. அவருக்கு நினைவு தப்புதோன்னு டாக்டர் சந்தேகப்படறாரு. நீங்களே சொல்லுங்க. அவர் வீட்ல சூடு இருக்கா இல்லையா?"

நான் மூட்டையைப் பார்த்தேன். சுருங்கிப்போய் மூலையில் சாய்ந்து கிடந்தது. குளிர் விட இன்னும் ஐந்தரை வாரம். சுவரில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். போனில் பேசியது அவருக்கும் கேட்டிருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவள் நான், மூட்டையைத் தூக்குகிறவளும் நான். இல்லை என்று சொன்னால் யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. அது பொய்யுமில்லை. அந்த வீட்டில் ஒரு அடுப்புகூடக் கிடையாது.

"ஹலோ? இருக்கீங்களா?" என்றாள் நர்ஸ்.

"இருக்கேன்" என்றேன். "அவரு சரியாத்தான் சொல்றாரு. சுவத்துல இருக்கு. அனுப்புங்க."

போனை வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். அவர் எழுந்து அடுப்பைத் திறந்து, மூட்டையிலிருந்து ஒரு கட்டையை எடுத்தார். என்னைப் பார்த்தார்.

"நாளைக்குத்தான வராரு?" என்றார்.

"இன்னிக்கே போடுங்க" என்றேன். "அந்தப் பக்கம் சூடேற ஒரு நாள் ஆகும்."